பெரிய போர் எதிரே நிற்கும்போது: எசேக்கியா ராஜாவின் ஜெபத்தைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம் பலத்துக்கு மிஞ்சிய ஒன்று எதிரே வந்து நிற்கும்போது கடவுளிடம் எப்படிப் போவது? வேதபாட வகுப்புகளில் இந்தக் கேள்வி வராத மாதம் கிடையாது. கேட்பவர்களில் ஒருவருக்கு நோய், ஒருவருக்கு வழக்கு, இன்னொருவருக்குக் கழுத்தை நெரிக்கும் கடன். அவர்களோடு சேர்ந்து நான் திரும்பத் திரும்ப வாசித்த பகுதி, யூதா நாட்டின் எசேக்கியா ராஜாவும் அசீரியப் படையும் பற்றியது. அப்போது எழுந்த கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

தாவீது, கோலியாத் கதை இருக்க, எசேக்கியாவை ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்?

தாவீதின் கதை சீக்கிரம் முடிந்துவிடுகிறது. ஒரு கல், ஒரு வீழ்ச்சி, ஜெயகோஷம். நம்முடைய போராட்டங்களில் பெரும்பாலானவை அப்படி ஒரே நாளில் முடிவதில்லை. எசேக்கியாவின் கதையில் வருஷக்கணக்கான தயாரிப்பு இருக்கிறது, தவறான கணக்கு இருக்கிறது, பணம் கொடுத்து ஏமாந்தது இருக்கிறது, மதிலுக்கு வெளியே நின்று மிரட்டும் குரல் இருக்கிறது. பக்கத்து ஊர்கள் எரிந்துபோன துக்கமும் இருக்கிறது. இத்தனைக்கும் நடுவில்தான் அந்த ஜெபம் வருகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. இந்தப் போரைப் பற்றி எதிரியின் பக்கத்திலிருந்தும் நமக்குச் சாட்சி கிடைத்திருக்கிறது. பழைய ஏற்பாட்டு நிகழ்ச்சிகளில் இவ்வளவு வெளி ஆதாரம் உள்ளவை மிகக் குறைவு.

சுருக்கமாக, என்ன நடந்தது?

யூதா சின்ன நாடு. அதற்கு வடக்கே இருந்த இஸ்ரவேல் ராஜ்யத்தின் தலைநகரான சமாரியா, கி.மு. 722 வாக்கில் அசீரியரிடம் விழுந்தது. ஜனங்களைக் கூட்டம் கூட்டமாகச் சிறைபிடித்துக்கொண்டு போனார்கள். யூதா தப்பியது, ஆனால் அசீரியாவுக்குக் கப்பம் கட்டும் நாடாகத்தான் தப்பியது.

கி.மு. 705-ல் அசீரிய ராஜா சர்கோன் போர்க்களத்தில் இறந்தான். அவன் மகன் சனகெரிப் பட்டத்துக்கு வந்ததும் பல நாடுகள் ஒரே நேரத்தில் கலகம் செய்தன. எசேக்கியாவும் கப்பத்தை நிறுத்தினார். முதலில் பாபிலோன் பக்கம் கணக்கைத் தீர்த்துவிட்டு, கி.மு. 701-ல் சனகெரிப் மேற்கே வந்தான். யூதாவின் அரணான பட்டணங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. எருசலேமுக்குத் தென்மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் இருந்த லாகீஸ் நகரத்தைச் சுற்றி முற்றுகை போட்டுக்கொண்டு, அங்கிருந்தே எருசலேமுக்குத் தன் தளபதிகளை அனுப்பினான். சரணடையச் சொன்னார்கள். எசேக்கியா ஆலயத்துக்குப் போனார், ஏசாயா தீர்க்கதரிசிக்கும் ஆள் அனுப்பினார். கடைசியில் எருசலேம் பிடிபடவில்லை. சனகெரிப் தன் தலைநகரான நினிவேக்குத் திரும்பிப் போனான்.

2 ராஜாக்கள் 18, 19 அதிகாரங்களில் முழுக் கதையும் இருக்கிறது. கிட்டத்தட்ட அதே வார்த்தைகள் ஏசாயா 36, 37-லும் உண்டு. 2 நாளாகமம் 32 இதைச் சுருக்கிச் சொன்னாலும், போர்த் தயாரிப்புகளைப் பற்றிக் கூடுதலாகத் தருகிறது.

இதற்கு வேதத்துக்கு வெளியே ஆதாரம் இருக்கிறது என்கிறார்களே, என்ன அது?

முதலாவது, சனகெரிப்பின் சொந்தக் கல்வெட்டு. கல்வெட்டு என்று பழக்கத்தில் சொல்கிறோம், உண்மையில் அது சுட்ட களிமண்ணால் ஆனது. ஆறு பக்கம் கொண்ட, சுமார் 38 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு தூண். ஆப்பெழுத்தில் அவனுடைய படையெடுப்புகள் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. 1830-ல் கர்னல் டெய்லர் என்பவர் கைக்குக் கிடைத்த பிரதி இப்போது லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. இதே வாசகம் கொண்ட வேறு பிரதிகள் சிகாகோவிலும் எருசலேமிலும் உள்ளன.

அதில் அவன் சொல்வது: தன் நுகத்துக்கு அடிபணியாத யூதாவின் எசேக்கியாவுக்கு எதிராக வந்தானாம். மதில் சூழ்ந்த 46 பட்டணங்களைப் பிடித்தானாம். 2,00,150 பேரை வெளியே கொண்டுபோனானாம். எசேக்கியாவைக் கூண்டுப் பறவையைப் போல எருசலேமுக்குள் அடைத்து வைத்தானாம். அதற்குப் பிறகு எசேக்கியா கொடுத்தனுப்பிய பொன், வெள்ளி, பொருட்களின் பட்டியல் நீளமாக வருகிறது.

எருசலேமைப் பிடித்தேன் என்ற வரி மட்டும் இல்லை. பிடித்த ஊர்களைப் பற்றி வாய் ஓயாமல் பெருமையடிப்பது அசீரிய ராஜாக்களின் வழக்கம். தலைநகரைப் பிடித்திருந்தால் அதைத்தான் முதல் வரியில் எழுதியிருப்பான்.

இரண்டாவது, நினிவேயில் அவன் அரண்மனைச் சுவரில் இருந்த புடைப்புச் சிற்பங்கள். ஆஸ்டன் ஹென்றி லேயர்ட் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் தோண்டி எடுத்தவை. ஒரு அறை முழுவதும் லாகீஸ் முற்றுகைதான். மண்மேடு எழுப்பி மதிலை இடிப்பது, மேலிருந்து தீப்பந்தம் எறிவது, கழுமரத்தில் ஏற்றப்பட்டவர்கள், மாட்டுவண்டியில் மூட்டைமுடிச்சோடு ஏறிப் போகும் பெண்களும் பிள்ளைகளும் அதில் இருக்கிறார்கள். லாகீஸ் இருந்த மேட்டைத் தோண்டியபோது அந்த முற்றுகை மண்மேடும், அம்புமுனைகளும், கவண் கற்களும் கிடைத்தன. எருசலேமுக்குள் இருந்தவர்கள் எதைக் கண்டு நடுங்கினார்கள் என்பதைப் புரிந்துகொள்ள அந்தச் சிற்பங்களின் படங்களை ஒரு முறையாவது பாருங்கள்.

எசேக்கியா முதலில் பணம் கொடுத்துச் சமாளிக்கப் பார்த்தாரே. அது விசுவாசக் குறைவு இல்லையா?

ஆம், அப்படித்தான் நான் வாசிக்கிறேன். 2 ராஜாக்கள் 18:14-16 அதை மறைக்கவில்லை. லாகீஸில் இருந்த சனகெரிப்புக்கு எசேக்கியா ஆள் அனுப்பி, நான் தப்பு செய்துவிட்டேன், நீர் சொல்வதைக் கட்டுகிறேன் என்றார். 300 தாலந்து வெள்ளியும் 30 தாலந்து பொன்னும் கேட்கப்பட்டது (தாலந்து என்பது அக்காலத்து எடை அளவு). ஆலயத்தில் இருந்த வெள்ளி போதாமல், கதவுகளிலும் நிலைகளிலும் தாமே அழுத்தியிருந்த பொன் தகட்டைக்கூட உரித்துக் கொடுத்தார். பொன்னின் அளவு சனகெரிப்பின் கணக்கிலும் அதே 30 தாலந்துதான். வெள்ளியை மட்டும் அவன் 800 என்று எழுதியிருக்கிறான்.

பணத்தை வாங்கிக்கொண்டும் அவன் படையை அனுப்பினான்.

இந்தப் பகுதி வேதத்தில் இருப்பது எனக்குப் பெரிய ஆறுதல். எசேக்கியாவைப் போல யூதாவின் ராஜாக்களில் வேறு ஒருவரும் கர்த்தரை நம்பியதில்லை என்று அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் எழுதியிருக்கிறது. அப்படிப்பட்ட மனிதர்தான் பயந்துபோய்க் கதவிலிருந்து பொன்னை உரித்தார். எல்லா வழியையும் முயன்று பார்த்துவிட்டுக் கடைசியாக ஆண்டவரிடம் வருகிறேனே, ஏற்றுக்கொள்வாரா என்று கேட்பவர்களுக்கு இந்த மூன்று வசனங்களைத்தான் முதலில் காட்டுவேன். கதவில் பொன் இல்லாமல் போன அதே ஆலயத்துக்குள்தான் எசேக்கியா நுழைந்தார். கர்த்தர் அவரைக் கடிந்துகொண்டதாக அங்கே ஒரு வார்த்தைகூட இல்லை.

ரப்சாக்கே பேசியதை வேதம் ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறது?

ரப்சாக்கே என்பவன் சனகெரிப்பின் உயர் அதிகாரிகளில் ஒருவன். அவன் பேச்சை நிதானமாக வாசித்தால், உள்ளுக்குள் நாம் கேட்கும் குரல் அதில் அப்படியே இருப்பது தெரியும். அவன் வெறும் பொய் மட்டும் சொல்லியிருந்தால் தள்ளிவிடலாம். பாதி உண்மையைச் சொல்கிறான், அதுதான் கஷ்டம்.

எகிப்தை நம்பாதே, அது நெரிந்த நாணற்கோல், ஊன்றினால் உள்ளங்கையில் குத்தும் என்கிறான். உண்மை. ஏசாயாவும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். 2,000 குதிரை தருகிறேன், ஏறுவதற்கு உன்னிடம் ஆள் இருக்கிறதா என்கிறான். அதுவும் உண்மை, ஆள் இல்லை. உன் ராஜா அந்தக் கர்த்தருடைய வழிபாட்டு மேடைகளைத்தானே இடித்துப் போட்டான், அவர் எப்படி உனக்கு உதவுவார் என்று அடுத்த கேள்வி. எசேக்கியாவின் சீர்திருத்தம் பிடிக்காதவர்கள் மதிலுக்கு உள்ளேயே இருந்திருப்பார்கள், அவர்கள் மனதை இது சரியாகத் தொடும். அப்புறம் ஒரு படி மேலே போய், இந்தத் தேசத்தை அழிக்கக் கர்த்தரே என்னை அனுப்பினார் என்கிறான். கடைசியில் ஆசை காட்டுகிறான்: சரணடைந்தால் அவரவர் திராட்சச்செடியின் கனியை அவரவர் சாப்பிடலாம்.

எசேக்கியாவின் அதிகாரிகள் அவனிடம் அரமாய மொழியில் பேசும்படி கெஞ்சினார்கள். அவன் வேண்டுமென்றே மதில்மேல் இருந்த ஜனங்களுக்குக் கேட்கும்படி யூத மொழியில் உரக்கக் கத்தினான். ராஜா சொல்லியிருந்தபடி ஜனங்கள் ஒரு வார்த்தையும் பதில் பேசவில்லை. இந்த மௌனத்தைப் பலர் கவனிப்பதில்லை. பயமுறுத்தும் எல்லாக் குரலுக்கும் உடனே பதில் சொல்லியாக வேண்டும் என்பதில்லை. மிரட்டல் கடிதம் வந்த இரவே உட்கார்ந்து பதில் எழுதாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

அவன் நின்று பேசிய இடமும் முக்கியம். வண்ணார் துறைக்குப் போகும் வழியில், மேல்குளத்துக் கால்வாய் அருகே. சுமார் 30 வருஷத்துக்கு முன்பு இதே இடத்தில்தான் ஏசாயா, எசேக்கியாவின் தகப்பன் ஆகாஸைச் சந்தித்துப் பயப்படாதே என்றார் (ஏசாயா 7:3-4). ஆகாஸ் கேட்கவில்லை. நான் உம்முடைய அடியானும் குமாரனும் என்று சொல்லி, அசீரிய ராஜாவிடம் உதவி கேட்டு ஆள் அனுப்பினான். அப்பா உதவிக்குக் கூப்பிட்ட அதே வல்லரசு, மகனின் காலத்தில் வாசலில் வந்து நிற்கிறது.

எசேக்கியா ஜெபத்தில் என்ன சொன்னார்?

சனகெரிப்பிடமிருந்து இரண்டாவது முறை ஒரு கடிதம் வந்தது. எசேக்கியா அதை வாங்கி வாசித்துவிட்டு, ஆலயத்துக்குள் போய் கர்த்தருக்கு முன்பாக விரித்து வைத்தார். ஜெபம் 2 ராஜாக்கள் 19:15-19, ஐந்தே வசனம்.

யாரிடம் பேசுகிறோம் என்பதில் தொடங்குகிறார்: கேருபீன்களின் நடுவே வீற்றிருக்கிறவர், பூமியின் எல்லா ராஜ்யங்களுக்கும் ஒரே தேவன், வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவர். அசீரியாவின் பெயரை இன்னும் எடுக்கவே இல்லை. பிரச்சினையின் அளவைச் சொல்வதற்கு முன்பு கடவுளின் அளவைத் தமக்கே ஞாபகப்படுத்திக்கொள்கிறார்.

அடுத்ததாக, கர்த்தாவே, செவிசாய்த்துக் கேளும், கண்களைத் திறந்து பாரும் என்கிறார். கடிதம் விரிந்து கிடக்கிறது. வாசித்துப் பாரும் என்று சொல்வதைப் போலத்தான் இது.

மூன்றாவதாக வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். அசீரிய ராஜாக்கள் அந்த ஜாதிகளையும் தேசங்களையும் பாழாக்கியது மெய்தான் என்கிறார். எதிரி பெரியவன் என்று ஒத்துக்கொள்கிறார். ஒரு பிரச்சினையும் இல்லை, எல்லாம் நன்மைக்கே என்று வாயால் சொல்லிக்கொண்டே உள்ளே நொறுங்கிப்போகிறவர்களை நம் சபைகளில் நிறையப் பார்க்கிறேன். உண்மையைச் சொன்னால் விசுவாசம் குறைந்துவிடும் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டில் எழுதியிருப்பதை ஆண்டவருக்கு முன்னால் உள்ளபடி வாசிக்கலாம். வக்கீல் நோட்டீஸையும் வாசிக்கலாம். கடன் தொகையை ரூபாய் பைசாவோடு சொல்லலாம்.

கடைசியாக வேண்டுதல், அது ஒரே வசனம்தான்: எங்களை அவன் கைக்குத் தப்புவித்து இரட்சியும், நீரே தேவன் என்று பூமியின் ராஜ்யங்களெல்லாம் அறியட்டும். நான் இவ்வளவு நல்லவனாக வாழ்ந்தேனே, அதற்காகச் செய்யும் என்ற வார்த்தை இதில் இல்லை.

மதில் கட்டியதும் சுரங்கம் வெட்டியதும் ஏன்? கடவுளை நம்புகிறவர் அதெல்லாம் செய்யலாமா?

செய்யலாம். எசேக்கியா தாராளமாகச் செய்தார். 2 நாளாகமம் 32-ன்படி, நகரத்துக்கு வெளியே இருந்த நீரூற்றுகளை ஜனங்களைக் கூட்டி அடைத்தார், இடிந்த மதிலைக் கட்டினார், வெளியே இன்னொரு மதிலும் எழுப்பினார், ஆயுதங்களையும் கேடகங்களையும் குவித்தார். கீகோன் ஊற்றின் தண்ணீரை நகரத்துக்குள் திருப்பிவிட்டார்.

எருசலேமில் மலைப்பாறைக்குள் 533 மீட்டர் நீளத்தில் ஒரு சுரங்கம் இன்றும் இருக்கிறது. முழங்கால் அளவு தண்ணீரில் நடந்து போகலாம். இரண்டு முனையிலிருந்தும் வெட்டிக்கொண்டே வந்து நடுவில் சந்தித்திருக்கிறார்கள். அந்தச் சந்திப்பைச் சொல்லும் எபிரெயக் கல்வெட்டு 1880-ல் சுரங்கச் சுவரில் கண்டுபிடிக்கப்பட்டது. இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் உள்ளது. எதிர்ப்பக்கம் வெட்டுகிறவர்களின் குரல் பாறை வழியாகக் கேட்டது, கோடரிக்கு எதிராகக் கோடரி விழுந்தது, தண்ணீர் ஊற்றிலிருந்து குளத்துக்கு 1,200 முழம் ஓடியது என்று அது சொல்கிறது. ராஜாவின் பெயர் அதில் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் எழுத்தின் வடிவமும் வேதத்தின் குறிப்பும் எசேக்கியாவின் காலத்தையே காட்டுவதாகப் பெரும்பாலான ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். எருசலேமின் யூதக் குடியிருப்புப் பகுதியில் நஹ்மான் அவிகாத் 1970-களில் தோண்டியபோது, அதே காலத்தைச் சேர்ந்த சுமார் 7 மீட்டர் அகலமுள்ள மதில் வெளிப்பட்டது.

சரி, இத்தனை வேலைக்கும் ஏசாயா என்ன சொன்னார்? ஏசாயா 22:9-11-ஐப் பாருங்கள். தாவீதின் நகரத்தில் இடிந்த இடங்களைப் பார்த்தீர்கள், குளத்துத் தண்ணீரைச் சேர்த்தீர்கள், வீடுகளை எண்ணி இடித்து மதிலைப் பலப்படுத்தினீர்கள், இதையெல்லாம் செய்தவரை மட்டும் நோக்கிப் பார்க்கவில்லை என்று கடிந்துகொள்கிறார். குளம் வெட்டியது பாவம் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. குளத்தைப் பார்த்த கண் ஆண்டவரைப் பார்க்கவில்லை என்பதுதான் புகார்.

அதனால், மருந்து சாப்பிட்டால் விசுவாசம் போய்விடும் என்று யாராவது உங்களிடம் சொன்னால், தயவுசெய்து கேட்காதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் கடுமையாகவே பேசுவேன். ஜெபிக்கிறோம் என்று மருத்துவத்தை நிறுத்தி உயிரை இழந்தவர்கள் உண்டு. சுரங்கம் வெட்டிய ராஜாதான் ஆலயத்தில் முழங்காலிட்டார். எசேக்கியா சாகக் கிடந்தபோதும், 15 வருஷம் கூட்டித் தருகிறேன் என்ற வாக்கு வந்த பிறகும், ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லிப் புண்ணின்மேல் பூச வைத்தார் (2 ராஜாக்கள் 20:7).

லாகீஸில் இருந்தவர்கள் ஜெபிக்கவில்லையா? அவர்கள் மட்டும் ஏன் அழிந்தார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் யாரையாவது இழந்தவர்களாக இருப்பார்கள். அதனால் அவசரப்பட்டுப் பதில் சொல்லக்கூடாது.

எருசலேம் தப்பியது உண்மை. அதே வருஷத்தில் 46 பட்டணங்கள் விழுந்ததும் உண்மை. எண்ணிக்கை சனகெரிப்பின் வாயிலிருந்து வருவது, கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனால் யூதாவின் அரணான பட்டணங்களையெல்லாம் பிடித்தான் என்று 2 ராஜாக்கள் 18:13-ம் சொல்கிறது. அந்த மாட்டுவண்டியில் போன தாய்மார்களில் எத்தனை பேர் கர்த்தரைக் கூப்பிட்டிருப்பார்கள்! அந்தப் பகுதியைச் சேர்ந்தவர்தான் மீகா தீர்க்கதரிசி. தன் சுற்றுவட்டார ஊர்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அவர் புலம்புவதை மீகா முதலாம் அதிகாரத்தில் வாசிக்கலாம். லாகீஸும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. செருப்பில்லாமலும் உடுப்பில்லாமலும் நடப்பேன், ஓரிகளைப்போல ஊளையிடுவேன் என்கிறார். எருசலேம் தப்பியதற்கான ஸ்தோத்திரப் பாட்டு ஒரு பக்கம் இருக்க, விழுந்த ஊர்களுக்கான இந்த அழுகையையும் வேதம் பத்திரமாக வைத்திருக்கிறது.

லாகீஸ் மக்களின் பாவம்தான் காரணம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். மீகா தேசத்தின் பாவத்தைப் பேசுகிறார், எருசலேமின் பாவத்தையும் அதே மூச்சில் பேசுகிறார். எருசலேமில் இருந்தவர்கள் லாகீஸில் இருந்தவர்களைவிட நீதிமான்கள் என்று எங்கும் எழுதவில்லை. நூறாண்டுக்கு மேல் கழித்து எருசலேமும் அதே மாதிரி எரிந்தது.

ஆகவே, இப்படி ஜெபித்தால் நிச்சயம் இது கிடைக்கும் என்ற கணக்கை இந்தக் கதையிலிருந்து எடுக்க முடியாது. எபிரெயர் 11-ஆம் அதிகாரம் பட்டயக்கருக்குக்குத் தப்பினவர்களையும் சொல்கிறது, அடுத்த மூச்சிலேயே பட்டயத்தால் வெட்டப்பட்டு மரித்தவர்களையும் சொல்கிறது. இருவரையும் விசுவாசிகள் என்றே அழைக்கிறது. நீங்கள் ஜெபித்தும் உங்கள் அம்மா போய்விட்டார்கள் என்றால், உங்கள் விசுவாசம் போதவில்லை என்று யாரும் உங்களிடம் சொல்ல உரிமை இல்லை. அப்படிச் சொல்லியிருந்தால் அது வேதத்துக்கு விரோதமான பேச்சு.

ஒரே இரவில் 1,85,000 பேர் இறந்தார்கள் என்பதை எப்படிப் புரிந்துகொள்வது?

கர்த்தருடைய தூதன் அசீரியப் பாளயத்தில் அவர்களைச் சங்கரித்தான் என்று 2 ராஜாக்கள் 19:35 சொல்கிறது. எப்படி என்று சொல்லவில்லை. கொள்ளைநோயாக இருக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். கி.மு. 5-ஆம் நூற்றாண்டுக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எகிப்தில் கேட்ட ஒரு கதையை எழுதியிருக்கிறார்: சனகெரிப்பின் படை எகிப்து எல்லையில் இருந்தபோது இரவில் வயல் எலிகள் வந்து வில் நாண்களையும் அம்பறாத்தூணிகளையும் கடித்துப் போட்டன, படை ஓடியது. அது வேறு இடம், வேறு விவரம். ஆனாலும் சனகெரிப்பின் படை ஓர் இரவில் திடீரென்று நிலைகுலைந்தது என்ற நினைவு இன்னொரு ஜனத்திடமும் இருந்திருக்கிறது.

அசீரியக் குறிப்பில் இந்த மரணங்கள் இல்லை. தங்கள் தோல்வியை எழுதி வைக்கும் வழக்கம் அவர்களுக்கு இல்லாததால் அதில் ஆச்சரியம் இல்லை. எருசலேம் பிடிபடவில்லை, எசேக்கியா சிம்மாசனத்திலேயே தொடர்ந்தார் என்பதில் இரண்டு தரப்பும் ஒத்துப்போகின்றன. மற்றதை நான் விசுவாசத்தோடு ஏற்கிறேன்.

பதில் வந்தபிறகு எல்லாம் உடனே சரியாகிவிட்டதா?

இல்லை. கர்த்தர் ஏசாயா மூலம் கொடுத்த பதிலில் ஓர் அடையாளமும் உண்டு (2 ராஜாக்கள் 19:29). இந்த வருஷம் தப்பிப் பயிராவதைச் சாப்பிடுவீர்கள், இரண்டாம் வருஷம் தானாய் விளைவதைச் சாப்பிடுவீர்கள், மூன்றாம் வருஷம் விதைத்து அறுத்து, திராட்சத்தோட்டம் நாட்டி அதன் கனியைச் சாப்பிடுவீர்கள். படை போன பிறகும் இரண்டு வருஷம் ஒழுங்கான அறுவடை கிடையாது. நிலம் மிதிபட்டுக் கிடக்கிறது, வேலை செய்ய ஆள் இல்லை, பட்டணங்கள் சாம்பல்.

கடவுளின் உதவி வந்த பிறகும் தேறி வர நாளாகும் என்பதைக் கடவுளே முன்கூட்டிச் சொல்லியிருக்கிறார். ஆபரேஷன் நன்றாக முடிந்தும் மாதக்கணக்கில் உடம்பு தேறாமல் கிடப்பவர்களும், வழக்கில் ஜெயித்தும் கையில் காசில்லாமல் நிற்பவர்களும் இந்த வசனத்தை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளலாம்.

சனகெரிப் தன் தேசத்தில் பட்டயத்தால் விழுவான் என்ற வார்த்தையும் உடனே நிறைவேறவில்லை. அவன் தன் மகன்களால் கொல்லப்பட்டது கி.மு. 681-ல். மகன் ஒருவன் கொன்றதாகப் பாபிலோனிய வரலாற்றுக் குறிப்பும் சொல்கிறது. இடையில் 20 வருஷம். எசேக்கியா அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

எசேக்கியாவுக்குக் கர்த்தர் கொடுத்த இந்த வாக்குத்தத்தத்தை அப்படியே என் பிரச்சினைக்கும் எடுத்துக்கொள்ளலாமா?

ஜாக்கிரதையாக. எரேமியாவின் காலத்து எருசலேம் ஜனங்களுக்கு நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு எருசலேம் தப்பியது, கர்த்தருடைய ஆலயம் இங்கே இருக்கிறது, இந்த நகரம் ஒருநாளும் விழாது என்று அவர்கள் உறுதியாக இருந்தார்கள். கர்த்தரின் ஆலயம், கர்த்தரின் ஆலயம் என்று மந்திரம்போலச் சொல்லிக்கொண்டு, வெளியே திக்கற்றவர்களையும் விதவைகளையும் ஒடுக்கினார்கள். எரேமியா 7 அதைக் கிழித்துக் காட்டுகிறது. பிறகு பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் வந்தபோது, சிதேக்கியா ராஜா ஆள் அனுப்பி, முன்பு செய்த அற்புதங்களைப் போலக் கர்த்தர் நமக்கும் செய்வாரோ என்று கேட்டான். கிடைத்த பதில், இந்த முறை நானே உங்களுக்கு எதிராக யுத்தம் செய்வேன் என்பது (எரேமியா 21). எருசலேம் கி.மு. 586 வாக்கில் விழுந்தது.

ஒரே நகரம், ஒரே ஆலயம், ஒரே மாதிரி வேண்டுதல், இரண்டு வேறு பதில். புத்தாண்டு இரவில் கிடைக்கும் வாக்குத்தத்த அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அதில் தவறில்லை. அதைக் காட்டிக் கடவுளைக் கட்டிப்போட மட்டும் முயலாதீர்கள்.

எதிரிக்கு எதிராக ஜெபிக்கலாமா?

எசேக்கியா, அவன் கைக்கு எங்களைத் தப்புவியும் என்றார். அவனைக் கொல்லும் என்று கேட்கவில்லை. நியாயத்தீர்ப்பைக் கர்த்தர் தம் கையில் வைத்துக்கொண்டார். ஏசாயா 19-ன் கடைசியையும் வாசியுங்கள். ஒரு நாள் வரும், அன்றைக்கு எகிப்தை என் ஜனம் என்றும், அசீரியாவை என் கரத்தின் கிரியை என்றும் கர்த்தர் சொல்வார் என்று இருக்கிறது. மிரட்டல் கடிதம் அனுப்பிய அந்த அசீரியாதான்.

யாரிடம் ஜெபிக்கச் சொல்லலாம்?

உங்களை அறிந்த, உங்களிடம் எதையும் எதிர்பார்க்காத ஒருவரிடம். எசேக்கியா முதல் மிரட்டலின்போது ஏசாயாவுக்கு ஆள் அனுப்பி, மீதியாயிருப்பவர்களுக்காக விண்ணப்பம் செய்யச் சொன்னார். கடிதம் வந்தபோது தாமே நேராக ஆலயத்துக்குப் போய் ஜெபித்தார். இரண்டும் தேவை. உங்களுக்காக ஜெபிக்கக் காணிக்கைத் தொகை சொல்பவரிடம் போகவேண்டாம். ஏசாயா எதுவும் கேட்டதாக இல்லை.

எனக்கு ஜெபிக்க வார்த்தையே வரவில்லை. என்ன செய்ய?

எசேக்கியாவுக்கும் முதல் நாளில் வரவில்லை. வஸ்திரத்தைக் கிழித்து, துக்கத்துக்கு அடையாளமான இரட்டுத்துணியை உடுத்தி ஆலயத்துக்குப் போனார் என்று இருக்கிறது. அன்று அவர் அங்கே என்ன ஜெபித்தார் என்று எழுதவில்லை. ஏசாயாவுக்குச் சொல்லி அனுப்பியது மட்டும் இருக்கிறது: பிரசவ நேரம் வந்துவிட்டது, பெற பெலன் இல்லை. அந்த ஒரு வரியைச் சொல்லுங்கள், அல்லது சொல்லாமல் உட்காருங்கள். கடிதமோ ரிப்போர்ட்டோ கையில் இருந்தால் அதை எடுத்து முன்னால் வையுங்கள். மனசு கொஞ்சம் நிதானப்பட்டதும் 2 ராஜாக்கள் 19:15-19-ஐ வாய்விட்டு வாசித்து, அசீரியா என்று வரும் இடத்தில் உங்களுடையதைச் சொல்லுங்கள். மறுநாள் காலை மருத்துவரையோ வக்கீலையோ பார்க்க வேண்டியிருந்தால், மறக்காமல் போய்ப் பாருங்கள்.